கரப்பு உடுப்பும் முடியும்: எங்கள் ஊர்க் கூத்துச் சாமான்களைத் திருத்திய அனுபவம்

கூத்து உடுப்பை வாடகைக்கு எடுப்பதா, பெட்டியில் கிடக்கும் பழையதைத் திருத்துவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் திருத்தினோம். என்ன செய்தோம், எது சரிவந்தது, எதைக் கைவிட்டோம், யார் யார் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதை முடிந்தவரை அளவுகளோடு சொல்கிறேன். உங்கள் ஊர்ச் சாமான்கள் வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் பிரம்பும் சீலையும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வலையிறவுப் பாலம் தாண்டி உள்ளே கிடக்கிறது. கூத்தின் இரண்டு மோடிகளான வடமோடி, தென்மோடியில் நாங்கள் ஆடுவது வடமோடி. இந்த முறை எடுத்தது பாரதப் போர்க் கதை, ஆகவே அரசர் வேடம் நிறைய. தென்மோடி என்றால் பூமுடியோடு கொஞ்சம் இலேசாகப் போய்விடலாம். வடமோடி அரசருக்குப் பாரமான கிரீட முடியும் கரப்பு உடுப்பும் இல்லாமல் முடியாது. இடுப்பிலிருந்து மீன் பிடிக்கும் கரப்புக் கூடையைக் கவிழ்த்த மாதிரி விரிந்து நிற்கும் உடுப்பு அது. நான் ஆடுகிறவன் அல்ல, ஆடுகிறவர் பாடுவதைத் திருப்பிப் பாடும் பிற்பாட்டுக்கு நிற்பவன். திருத்த வேலையில் அளவுக் கொப்பி என் கையில் இருந்தது.

சாமான்கள் கோயில் களஞ்சிய அறையில் இரண்டு மரப்பெட்டிகளில் கிடந்தன. 2007இல் போரினால் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்தபோது பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லாமல் விட்டுப் போனோம். திரும்பி வந்தபோது இருந்தன. 2011 தை வெள்ளம்தான் உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு சிறிய கூத்துகளுக்கு இரண்டொரு சாமானை எடுத்துத் துடைத்துப் பாவித்தோமே தவிர, முழுப் பெட்டியையும் யாரும் கிளறவில்லை. கிளறியபோது கரப்பு வளையங்கள் உளுத்துப்போய், தொட்ட இடத்தில் மாவாக உதிர்ந்தன. சீலை பூஞ்சணம் பிடித்திருந்தது. முடிகளின் கண்ணாடித் துண்டுகளில் பாதி ரசம் போயிருந்தது. சதங்கையில் மணிகள் குறைவு. மரம் மட்டும் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தது.

சட்டம் கொடுத்து, அதாவது அவரவர் வேடத்தையும் பாட்டையும் பிரித்துக் கொடுத்து, ஆட்டம் பழகுவதும் நடந்துகொண்டிருந்த நேரம் அது. பெரும்போக நெல் வெட்டு முடிந்தால் அரங்கேற்றம். வாடகைக்கு எடுப்போம் என்று இளம் பொடியன்கள் சொன்னதில் பிழையில்லை. நேரம் குறைவு, கூலிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் சாப்பாடு போகும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "வாடகைக்கு எடுத்தாலும் ஆடலாம் மனே. மறுகா வாற வருசமும் வாடகைக்குத்தான் எடுக்க வேணும். அதுக்கு அடுத்த வருசமும்."

நானும் அவர் பக்கம்தான் நின்றேன், காரணம் காசு மட்டுமல்ல. வாடகை உடுப்பு ஓட்டோவில் வந்து இறங்கும், விடிந்ததும் அதே ஓட்டோவில் ஏறிப் போய்விடும். ஆடுகிறவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆடத் தெரியாதவருக்கு ஊரில் செய்ய ஒன்றுமே மிஞ்சாது. பாய் கொண்டுவந்து போட்டு, விடிய விடிய இருந்து பார்த்துவிட்டுப் போவதுதான். எங்கள் ஊரில் ஆடுகிறவர்கள் ஒரு கை விரல்களுக்குக் கொஞ்சம் கூட, ஆடாதவர்கள் ஊர் முழுக்க. அவர்களையும் உள்ளே கொண்டுவர வேலை வேண்டும். அந்த வேலை பெட்டிக்குள் கிடந்தது.

கரப்பு வளையம்

முதல் கேள்வி, எதில் வளையம் போடுவது? பழையது மூங்கில் சிம்பு. மூங்கில் கிடைக்கும், ஆனால் எங்களுக்குக் கிடைத்த மூங்கில் இளசு, சீக்கிரம் உளுத்துவிடும். கமுகஞ் சலாகையை வளைத்துப் பார்த்தோம். மூன்றடி விட்டத்துக்கு வளையும் முன்னமே நார் பிரிந்து வெடித்தது. வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் மின்கம்பி இழுக்கும் பிவிசி பைப்பைக் கொண்டுவந்தார். இலேசு, மலிவு, ஒரு மணித்தியாலத்தில் வளையம் தயார். அதில் சீலையைத் தொங்கவிட்டு ஒருவரைக் கிறுகி, சுழன்று ஆடச் சொன்னோம். கிறுகும்போது கீழ் வளையம் நீள்வட்டமாக இழுபட்டது. அவர் நின்ற பிறகும் உடுப்பு நிற்கவில்லை, தன்பாட்டில் ஆடிக்கொண்டே இருந்தது. தாளம் தீர்ந்து ஆட்டக்காரர் நிமிர்ந்து நிற்கும்போது உடுப்பும் அவரோடு நிற்க வேண்டும். அரசனின் இடுப்புக்குக் கீழே இன்னொரு ஆட்டம் நடந்தால் அது அரசனாக இருக்காது. பைப்பைக் கைவிட்டோம்.

மிஞ்சியது பிரம்பு. இறுக்கமும் உண்டு, துள்ளலும் உண்டு, விட்டதும் தன் வடிவத்துக்கு வந்துவிடும். புதுப் பிரம்பு வாங்கப் போனால் வாடகையைவிடக் கூடப் போகும். வீடுகளில் உடைந்து கிடக்கும் பிரம்புக் கதிரைகளைக் கேட்டால் என்ன என்று ஒரு மாமி சொன்னதுதான் இந்த வேலை முழுவதையும் திருப்பிவிட்டது. கோயில் ஒலிபெருக்கியில் ஒரு மாலை சொன்னோம். அடுத்த நாளே மண்டப விறாந்தையில் கால் உடைந்த கதிரைகள், ஒரு நடைவண்டி, ஒரு தொட்டில் எல்லாம் வந்து சேர்ந்தன. தொட்டில் கொண்டுவந்த அம்மம்மா, "என்ட மூணு புள்ளையும் கிடந்த தொட்டில். பேரன்ட உடுப்புக்குப் போகட்டும்" என்று வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டில் பிரம்பு மெல்லியது, வளையத்துக்கு ஆகாது. அதைச் சீவி மூட்டுகளைச் சுற்றிக் கட்ட எடுத்தோம். பேரனுடைய உடுப்புக்கே போனது.

கதிரைச் சட்டப் பிரம்பு வளைந்த வடிவத்திலேயே இறுகியிருக்கும். அதை முதலில் நேராக்க வேண்டும். ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்தோம். வாவி பக்கத்தில் இருந்தாலும் வாவித் தண்ணீர் வேண்டாம். அதில் உப்பு உண்டு, உப்பு ஏறிய பிரம்பு காய்ந்த பிறகும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கிணற்றுத் தண்ணீரே நல்லது. ஊறிய பிறகு சிரட்டைத் தணலுக்கு மேல், நெருப்பு படாமல், சூடு மட்டும் படுகிற உயரத்தில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் கருகும். கணுவுள்ள இடத்துக்குக் கொஞ்சம் கூடச் சூடு வேண்டும். கை பிடிக்க முடியாத சூடு வந்ததும் வளைக்க இளகிவிடும்.

வளைக்கும் அச்சு நிலத்தில்தான். நடுவில் ஒரு முளை, அதில் கயிறு கட்டி ஒன்றரை அடியில் வட்டம் கீறி, கோட்டில் சாணுக்கு ஒரு முளை அடித்தோம். மூன்றடி விட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்பதரை அடி பிரம்பு போகும். ஒட்டுக்கு அரையடி சேர்த்துப் பத்தடி எடுத்தோம். அவ்வளவு நீளம் ஒரே துண்டில் கதிரையில் கிடைக்காது, ஆகவே ஒரு வளையத்துக்கு இரண்டு மூன்று துண்டு. ஒவ்வொரு ஒட்டையும் இருபக்கமும் சாய்வாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்று படிந்து இருக்கும்படி பைண்டர் கம் பூசிக் கட்டினோம்.

இந்த வேலையைத் தனியே செய்யவே முடியாது. ஒருவர் தணலில் பிடிக்க வேண்டும், ஒருவர் முனையை முளையில் அமத்த வேண்டும், ஒருவர் சுற்றிக்கொண்டு போக வேண்டும், பின்னால் ஒருவர் ஈரச் சீலையால் துடைத்து ஆற்றிக்கொண்டே வர வேண்டும். சூடு ஆறுவதற்குள் நாலு பேரும் ஒரே மூச்சில் வட்டத்தை முடிக்க வேண்டும். அதனால் வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் தானாகப் பிடிக்க வந்தார்கள். "அந்த முனையைக் கொஞ்சம் அமத்துங்க கா" என்று ஒருவரைக் கூப்பிட்டால் அவர் அன்றிரவு முழுக்க எங்களோடுதான். அடுத்த இரவும் சொல்லாமலே வருவார். பட்டியல் போட்டு இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்திருந்தால் இத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. விறாந்தையில் வெளிச்சம் போட்டு, வேலையைத் திறந்து வைத்திருந்தோம், அதுதான் செய்தது.

ஒட்டுகளைக் கட்டியதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதலில் கட்டுக்கம்பிதான் எடுத்தோம். கம்பி முனை சீலையைக் கிழிக்கும், வியர்வை பட்டுத் துருப்பிடிக்கும் என்று வாவியில் தொழில் செய்யும் சித்தப்பா ஒருவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன் நைலோன் தங்கூசி நூலை எடுத்தார். நூலின் ஒரு முனையை மடித்து ஒட்டின் மேல் நீளவாக்கில் வைத்தார். அந்த மடிப்பின் மேலேயே சுற்று, சுற்றோடு சுற்று நெருங்க, இடைவெளி தெரியாமல். ஒவ்வொரு பத்துச் சுற்றுக்கும் பெருவிரல் நகத்தால் பின்னுக்குத் தள்ளி நெருக்கினார். கடைசியில் மிஞ்சிய நூலை மடிப்பின் காதுக்குள் விட்டு, மற்ற முனையைப் பிடித்து இழுத்தார். காதும் நூலும் சுற்றுக்கு அடியில் போய் மறைந்தன. முடிச்சே இல்லை. மேலே தடவிப் பார்த்தால் ஒரு மேடும் தெரியவில்லை. அதற்கு மேல் தொட்டில் பிரம்பின் சிம்பைச் சுற்றினோம், அழகுக்கும் காவலுக்கும்.

அவர் இத்தனை வருடத்தில் ஒருநாளும் கூத்துக் கூட்டங்களுக்கு வந்தவர் அல்ல. "நமக்கு ஆட ஒண்ணா தம்பி, கட்டத் தெரியும்" என்றார். பிறகு எல்லா ஒட்டும் அவர் கையால்தான். பக்கத்தில் நின்ற இரண்டு பொடியன்களும் அந்தக் கட்டைப் படித்துக்கொண்டார்கள். கூத்து முடிந்த பிறகும் அது ஊரில் இருக்கும்.

ஓர் உடுப்புக்கு மூன்று வளையம், மேலிருந்து கீழே விட்டம் கூடிக்கொண்டே போகும். ஒட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் வந்தால் அந்தப் பக்கம் பாரம் இழுக்கும், ஆகவே ஒட்டுகளைச் சுற்றிவரப் பங்கிட்டுக் கட்டினோம். எட்டுப் பருத்தி நாடாக்கள் வளையங்களைத் தாங்குகின்றன. கட்டி முடித்ததும் நடுவில் கயிறு போட்டுக் கூரை வளையில் தொங்கவிட்டுப் பார்த்தோம். சாய்கிற பக்கத்துக்கு எதிரே சீலை மடிப்பை ஒன்று கூட்டினால் சமநிலைக்கு வரும். இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் வட்டக்களரி, கூத்தாடும் வட்டமான மண் மேடை. பார்க்கிறவர்கள் நாலு பக்கமும் இருப்பார்கள், முன்பக்கம் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி, ஒருபக்கம் இருந்து பார்க்கிற மேடைக்குக் கொண்டுபோனார். 1964இல் அந்த மேடையில் இராவணனாக ஆடியவர் எங்கள் மட்டக்களப்பின் மௌனகுரு. கூத்துக்கு வெளியே ஒரு மதிப்பு வர அந்த முயற்சி பெரிய காரணம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த மேடைக்கு உடுப்புச் செய்கிற கணக்கு வேறு, களரிக்குச் செய்கிற கணக்கு வேறு. களரியில் பின்பக்கத்துக்கும் ஒரு ஊர் இருக்கிறது.

தையல்

தைத்தது கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பிள்ளைகள். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நாள் முழுக்க மெஷினில் இருந்தவர்களிடம் இரவிலும் தைக்கச் சொல்வது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கேட்டேன். "அங்க ஒரு நாளைக்கு ஒரே கை, ஒரே கொலர்தான் அண்ணா. இது முழு உடுப்பு" என்று ஒரு தங்கச்சி சொன்னாள்.

அவர்கள் செய்த மூன்று மாற்றங்களை எல்லா ஊருக்கும் சிபாரிசு செய்வேன். பழைய உடுப்பில் பாரம் முழுக்க இடுப்புக் கயிற்றில் நின்றது. ஆடி முடித்தால் இடுப்பில் தோல் உரிந்திருக்கும். இவர்கள் அகலமான பஞ்சுப்பட்டி தைத்து, மார்புப் பதக்கத்துக்குள் மறையும்படி இரண்டு தோள்பட்டிகளைச் சேர்த்தார்கள். இரண்டாவது, மேற்சீலையை நாலு துண்டாக்கிக் கொளுக்கியில் மாட்டினார்கள். கழற்றித் தோய்க்கலாம், பூஞ்சணத்துக்கு அதுதான் மருந்து. மூன்றாவதுதான் முக்கியம். ஆட்டக்காரரை நிற்க வைத்து அளக்காமல் ஆட வைத்து அளந்தார்கள். காலைத் தூக்கிப் போடும்போது முழங்கால் கீழ் வளையத்தில் இடிக்கக் கூடாது, இருந்து எழும்பும்போது வளையம் நிலத்தில் முட்டக் கூடாது. அண்ணாவியார் பெரியப்பாவுக்கு உடுப்பு நன்றாக இறங்கி நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆட்டம் தடைப்படக் கூடாது. அவர் மத்தளத்தில் தட்ட, ஆட்டக்காரர் ஆட, இரண்டு பிள்ளைகள் குனிந்து ஊசி குத்திக் குத்திக் கடைசியில் முழங்காலுக்கு நாலு விரல் கீழே என்று முடிவானது. ஒவ்வொருவருக்கும் தனி அளவு. எல்லாம் கொப்பியில் இருக்கிறது.

அளந்து அளந்து ஆட்டத்தை மனப்பாடமாக்கிக்கொண்ட ஒருத்தி, எங்களுக்கும் சட்டம் தருவீர்களா என்று பெரியப்பாவிடம் நேரே கேட்டுவிட்டாள். எங்கள் ஊரில் பெண் வேடமும் ஆண்கள்தான் ஆடி வந்தார்கள். அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்புச் சீலாமுனையில் ஊரவரோடு இருந்து கூத்தை மீளுருவாக்கம் செய்தபோது கிளப்பிய கேள்விகள் எங்கள் விறாந்தைக்கு இப்படி வந்து சேர்ந்தன. பெரியப்பா உடனே ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வெட்டு முடியட்டும், பழகிப் பாப்பம்" என்றார். அவள் விடமாட்டாள், எனக்குத் தெரியும். அவள் ஆட வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

முடி, சதங்கை, மத்தளம்

முடி இலேசான மரத்தில் கொத்தியது, முள்முருக்கு என்று பெரியப்பா சொன்னார். புழுத் துளைகள் கொஞ்சம் இருந்தன. கறுப்புப் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, நல்ல வெயிலில் பல நாள் வைத்தோம். உள்ளே ஏறும் சூட்டில் பூச்சி செத்துவிடும். வேப்பெண்ணெய் பூசலாம் என்று சிலர் சொன்னார்கள். பூசினால் அதற்கு மேல் பெயின்றும் பசையும் பிடிக்காது, ஆகவே விட்டுவிட்டோம். துளைகளை மரத்தூளும் பைண்டர் கம்மும் குழைத்து அடைத்து, மண்கடதாசி போட்டுத் தேய்த்தோம்.

கண்ணாடித் துண்டுகளை வெட்டுகிற வேலையைச் சிறுவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். உடைந்த நிலைக்கண்ணாடி ஒன்றை வாங்கி, கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் ஒருவர் வெட்டித் தந்தார். ஓரங்களைத் தண்ணீர் விட்டுக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கினோம். ஒட்டும் முன் கண்ணாடியின் பின்பக்கத்தில் வார்னிஷ் ஒரு பூச்சு. வெள்ளத்தில் ரசம் போனது பின்பக்கத்தால் ஈரம் ஏறித்தான்.

முடியின் உள்பக்கம் ஒரு பிரச்சினை. பாரமான முடி தலையில் அசையாமல் நிற்க வேண்டும், நெற்றியை வெட்டவும் கூடாது. பழைய பஞ்சு கட்டிபட்டுக் கிடந்தது. கடையில் விற்கும் ஸ்பொஞ் வைத்தால் வியர்வையில் வழுக்கியது. விறகு சுமந்து பழகிய பெரியம்மா ஒருவர் முடியை வாங்கிப் பார்த்தார், ஆட்டக்காரரின் தலையைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்தார், பழைய பருத்திச் சேலையைக் கிழித்து முறுக்கிச் சும்மாடு கட்டினார். அதை முடிக்குள் அமத்தி நாலு இடத்தில் தைத்தோம். வியர்வையை உறிஞ்சும், நனைந்தால் கழற்றி வேறு வைக்கலாம், எவ்வளவு கிறுகினாலும் அசையாது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒவ்வொரு சும்மாடு கட்டிக்கொடுத்தார்.

சதங்கைக்குக் குறைந்த மணிகளை வாங்கி, தடித்த துணிப்பட்டியில் தங்கூசியால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிந்தோம். ஒரே நூலில் கோர்த்தால் ஒன்று அறுந்ததும் எல்லாம் களரியில் கொட்டும்.

மத்தளத்தில் நாங்கள் கை வைக்கவில்லை. தோல் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, அவர் சொன்ன கூலியை முழுதாகக் கொடுத்தோம். கோயில் காரியம், ஊர்க் கூத்து, குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கலாம் என ஒருவர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவர்கள் எல்லாரும் விரும்பி வந்தார்கள், வராமல் இருக்கவும் அவர்களுக்கு முடிந்தது. தோல் தொழில் செய்கிறவரிடம் தலைமுறை தலைமுறையாக ஊர் உரிமையோடு வேலை வாங்கி, சில்லறைக் காசு கொடுத்து வந்திருக்கிறது. அதைத் தொண்டு என்று சொல்லக் கூடாது. அரங்கேற்றத்துக்கு வீடு தேடிப் போய் அழைத்தோம், வந்து முன்வரிசையில் இருந்தார்.

களரி

களரி போட்டது கடைசிக் கிழமை. நடு முளையில் பன்னிரண்டடிக் கயிறு கட்டி வட்டம் கீறி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் மண் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தோம். நடு ஒரு சாண் உயர்ந்து ஓரம் தாழ்ந்திருக்க வேண்டும், மழை பெய்தால் தண்ணீர் நிற்காது. ஆட்டம் வெறுங்காலில், ஆகவே ஒரு கல் கூட இருக்கக் கூடாது. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் பெண்களும் சிறுவர்களும் வரிசையாக இருந்து, ஒரு முழம் ஒரு முழமாகப் பின்வாங்கிக்கொண்டே கையால் தடவித் தடவிக் கல் பொறுக்கினார்கள். பழைய பாட்டுகளை ஒருவர் எடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிற்பாட்டுக்கு நிற்கிற எனக்கே தெரியாத இரண்டு அடிகளை ஒரு அம்மம்மா பாடினார். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

வெளிச்சத்தில் ஒரு விசயம் படித்தோம். முதலில் நாலு மூலையில் நாலு பெரிய வெள்ளை எல்ஈடி போட்டுப் பார்த்தோம். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, முடி மட்டும் செத்துப்போய் இருந்தது. கண்ணாடித் துண்டு மினுங்க வேண்டுமென்றால் ஒளி பல சிறு புள்ளிகளிலிருந்து வர வேண்டும். பந்தமும் பெற்றோமக்ஸும் இருந்த காலத்தில் அது தானாக நடந்தது. வயரிங் தம்பி அந்தப் பெரிய விளக்குகளைக் கழற்றி, களரியைச் சுற்றிய கம்புகளில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே மஞ்சள் பல்புகளை நிறையத் தொங்கவிட்டார். மேலே கட்டிய வெள்ளைச் சீலையில் அந்த ஒளி பட்டு இறங்கியது. ஆட்டக்காரர் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் முடி மினுங்கியது. அவருடைய பைப்பு வளையத்துக்கு ஆகவில்லை என்றேனே, வயர்களை மண்ணுக்கு அடியில் கொண்டுபோக அதே பைப்புதான் உதவியது.

அரங்கேற்றத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, பார்த்தவர்கள் சொல்வார்கள். சாமான்கள் எப்படி நின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். வளையம் ஒன்றும் விலகவில்லை, ஒட்டு ஒன்றும் விடவில்லை. விடியப்புறம் போர் ஆட்டத்தில் ஒரு உடுப்பின் நாடா அறுந்தது. தைத்த தங்கச்சி பிற்பாட்டுக்காரருக்குப் பின்னால் ஊசி நூலோடுதான் இருந்தாள். ஆட்டக்காரர் வெளியே வந்த இடைவெளியில் நின்ற நிலையிலேயே தைத்துவிட்டாள். ஒரு தருப் பாட்டு முடியும் முன் அவர் களரியில் நின்றார். சனத்துக்கு ஒன்றும் தெரியாது. நாடாவை அடுத்த முறை இரட்டையாகப் போட வேண்டும்.

வீட்டுக்கு வீடு ஆடப் போனபோது இன்னொன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் ஆட்டக்காரரைத்தான் முற்றத்தில் கூப்பிட்டு இருத்துவார்கள். இந்த முறை வலைக்காரச் சித்தப்பாவையும் சும்மாட்டுப் பெரியம்மாவையும் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்கள். "இந்தக் கட்டு இவர் கட்டினதுகா" என்று உடுப்பைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சிரிக்கிறார்.

இப்போது சாமான்கள் பெட்டிக்குள் இல்லை. களஞ்சிய அறையின் வளையில் கரப்புகளைத் தொங்கவிட்டிருக்கிறோம், வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்தில். சீலைகள் தோய்த்து, காயவைத்து, அந்துருண்டை போட்டுத் தனிப் பையில். முடிகள் பலகைத் தட்டில், சும்மாடுகள் கழற்றித் தனியே. திறப்பு இரண்டு: ஒன்று கோயிலில், ஒன்று தையல் பிள்ளைகளிடம். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து வெயில் காட்டுவது அவர்கள் பொறுப்பு, கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு முடி இன்னும் பாக்கி. நெற்றிப் பலகை இரண்டாகப் பிளந்திருக்கிறது, ஒட்டினால் ஆடும்போது நிற்காது. புதிதாகக் கொத்த வேண்டும். நன்றாக முற்றிக் காய்ந்த முள்முருக்குத் துண்டு, ஒன்றரை அடி நீளம், ஒரு சாண் அகலம், யாரிடமாவது இருந்தால் மாரிக்கு முன் கொண்டுவாருங்கள். பின்னேரங்களில் விறாந்தையில் யாராவது இருப்பார்கள். அளவுக் கொப்பி பார்க்க வருகிற பக்கத்து ஊர்க்காரரும் வரலாம், பிரதி எடுத்துக்கொண்டு போகலாம்.